பதினொரு டம்ளரும் ஒரு காம்பும்

வரிசை எண்: 41. பெயர்: அஞ்சலாட்சி. க/பெ: கலியபெருமாள். வயது: 38. பணி: உதவியாளர் (பெண்). திறன்: இல்லை.

2006ஆம் ஆண்டில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு பிளாஸ்டிக் கம்பெனியின் ஆள் பதிவேடு அஞ்சலாட்சியைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான். ‘திறன்: இல்லை’ என்பது கையால் எழுதியதுகூட அல்ல. அத்தனை பேருக்கும் தனித்தனியாக எழுதச் சோம்பல்பட்டு கம்பெனி அதற்கென்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்திருந்தது.

அந்தத் திறன் இல்லாதவரின் உப்பளம் பகுதி வீட்டில், சாமி படத்துக்குக் கீழே, பதினொரு எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ‘சிறந்த தொழிலாளி’ என்று வெட்டியிருந்தது. வெட்டிக் கொடுத்ததும் அதே கம்பெனிதான். ஒரே ஆளை ஒரு கையால் ஸ்டாம்பு குத்தியும் மறு கையால் டம்ளர் கொடுத்தும் வந்ததில் கம்பெனிக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. அஞ்சலாட்சிக்கும் இல்லை. ஸ்டாம்பை அவர் பார்த்ததில்லை. டம்ளரில் காபி குடித்ததும் இல்லை.

கம்பெனியில் அப்போது ஓடிய சரக்கு சண்டைப் பம்பரம். மாலையில் டிவியில் வந்த ஒரு கார்ட்டூன் ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் பம்பரக்காரர்களாக மாற்றியிருந்தது. இதற்குச் சாட்டை சுற்றும் வேலையெல்லாம் கிடையாது. பல் வைத்த பிளாஸ்டிக் பட்டையை பம்பரம் மாட்டிய லாஞ்சர் பிடியில் செருகிச் சரக்கென்று இழுத்தால் பம்பரம் துள்ளி விழும். இரண்டு பம்பரங்களை ஒரு பேசினுக்குள் விட்டால் ஒன்றையொன்று முட்டும். கடைசிவரை நிற்பது ஜெயித்தது. பம்பரம் மூன்று துண்டு: கீழே முனை, நடுவில் இரும்புத் தட்டு, மேலே பிளாஸ்டிக் வளையம். வளையத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு புலித்தலை துருத்திக்கொண்டிருக்கும்.

அஞ்சலாட்சியின் வேலை அந்த வளையத்தோடு. மெஷினிலிருந்து வரும்போது வளையத்தில் மூன்று இடத்தில், உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வழியில், சின்னச் சின்னக் குச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பெண்கள் அதைக் காம்பு என்பார்கள். கத்தரிக்காயை ஆய்வது போல உட்கார்ந்து கட்டரால் காம்பு களைய வேண்டும். இரண்டு காம்பு மெல்லிசு. புலித்தலைக்கு நேர் எதிரே இருக்கும் மூன்றாவது மட்டும் நெல் பருமன் இருக்கும். அதை வெட்டுவதில்தான் கைத்தரம் தெரியும். சூப்பர்வைசர் கொளஞ்சி டிரேயிலிருந்து நாலு வளையத்தை எடுப்பார், கண்ணை மூடிக்கொள்வார், கட்டை விரலால் ஒரு சுற்று தடவுவார். எங்காவது விரலில் பட்டால் டிரே திரும்பி வரும். எதுவுமே படாத டிரேக்கு மாதம் ஒரு டம்ளர்.

பதினேழு மாதத்தில் பதினொன்று அஞ்சலாட்சிக்கே போனது. “இன்னாத்துக்கு வெட்டற, நக்கியே எடுத்துடறியா?” என்று பக்கத்து ஸ்டூல் செல்வாம்பாள் கேட்பாள். அஞ்சலாட்சி வெட்டிய இடம் வளையத்துக்கே தெரியாது. காம்பு இருந்த தடம்கூட இருக்கக் கூடாதென்று வளையத்தின் சுவரிலிருந்தும் ஒரு சீவல் எடுத்துவிடுவார். மற்ற பெண்களும் டம்ளருக்கு ஆசைப்பட்டு அவரைப் போலவே சீவக் கற்றுக்கொண்டார்கள்.

ஜூலை முதல் வாரத்தில் முதலாளி வெற்றிவேல் பெண்கள் உட்காரும் கூடத்துக்கு வந்தார். அவர் அங்கே வருவது ஆயுத பூஜைக்கு மட்டும்தான் என்பதால் எல்லோரும் கட்டரைக் கீழே வைத்தார்கள்.

“நேரு வீதிக் கடைங்கள்ல நம்ம பம்பரம் அப்படியே தொங்குதும்மா” என்றார். “வெளிநாட்டுது நானூறு ரூபா. நம்மது அம்பது. அப்பயும் நானூறைத்தான் கேக்குதுங்க பசங்க. நம்மது ஆடுதாம். நின்னு சுத்தலையாம்.”

“அதே அச்சுதானே சார்?” என்றார் கொளஞ்சி.

“அதே அச்சுதான். அவங்க ஓட்டின அச்சைத்தானே நான் பழசா வாங்கினேன். எனக்கும் புரியல.” வெற்றிவேல் கூடத்தை ஒரு முறை பார்த்தார். இருபத்திரண்டு பெண்கள். “ரெடியா செஞ்ச பம்பரத்தையே கப்பல்ல எறக்கி, இங்க டப்பால போட்டு வித்துடலாம்னு பாக்கறேன். டப்பா போட ஆறு பேர் போதும். சீனியாரிட்டிப்படி ஆறு பேர். ஆடில புதுசா எதுவும் ஆரம்பிக்க மாட்டேன். ஆவணி ஒண்ணாந்தேதி ஆர்டர் போடறேன். அதுவரைக்கும் வாங்க.”

ஆடி மாதம் நல்ல காரியத்துக்கு ஆகாது என்பார்கள். இருபத்திரண்டு பெண்களுக்கு அந்த வருஷம் அதுதான் நல்ல மாதமாக இருந்தது. சீனியாரிட்டியில் அஞ்சலாட்சி பதினாலாவது. டம்ளர் கணக்கில் முதலாவது. ஆனால் அந்தக் கணக்கை யாரும் எடுக்கவில்லை. கணவர் கலியபெருமாள் மில்லில் வேலை போன பிறகு சாமான் ஏற்றும் மினி வேன் ஓட்டினார். வேன் ஓடின நாள் கூலி, ஓடாத நாள் பேச்சு. மாதாமாதம் தவறாமல் வந்த சம்பளம் அஞ்சலாட்சியுடையதுதான்.

வீட்டிலும் இதே வழக்குதான் நடந்துகொண்டிருந்தது. மகள் தீபலட்சுமிக்குப் பத்து வயது. அம்மா வேலை செய்யும் இடத்துப் பம்பரம் இலவசமாகக் கிடைத்ததால் அதன் மேல் மரியாதை இல்லை.

“வெளிநாட்டு டாப்பு வாங்கித் தா. இல்லன்னா எதுவுமே வாணாம்.”

“இது இன்னாடி கொறச்சல்? தடவிப் பாரு. வழவழன்னு இல்ல?”

“தடவிப் பாக்கவாம்மா டாப்பு? சுத்தறதுக்கு!”

அஞ்சலாட்சி அந்தப் பம்பரத்தை எடுத்துத் தானே மறுபடியும் ஒரு முறை தடவிப் பார்த்தார். பதினேழு மாதமாக அவர் ஆயிரக்கணக்கான பம்பரங்களைத் தடவியிருக்கிறார். ஒன்றைக்கூடச் சுற்றிப் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டில் தேவதாஸ் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவர் வீட்டுக்குச் சொல்தா வீடு என்று பேர்; சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். பென்ஷன் பிரான்சிலிருந்து வந்ததால் நல்ல பொருள் எல்லாமே அங்கிருந்துதான் வரும் என்று நம்பினார். சீப்புகூடப் பாரிஸ் சீப்பு. தலையில்தான் சீவ எதுவும் இல்லை. ஜூலையில் பேரன் முகிலன் லீவுக்கு வந்தான். பாரிஸ் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒன்பது வயதுப் பையன். தமிழ் புரியும், பேசினால் அரைவாசி பிரெஞ்சு கலந்துவிடும். அவனோடு அதே புலித்தலை வைத்த ஒரு வெள்ளிநிறச் சண்டைப் பம்பரமும் வந்தது. அவன் அதைத் துப்பி என்றான்; அந்த ஊரில் பம்பரத்துக்கு அப்படித்தான் சொல்வார்களாம்.

ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சு தேசிய தினக் கொண்டாட்டத்துக்கு மெடல் குத்திக்கொண்டு போய்வந்த தேவதாஸ், அந்த வேகம் ஆறாமல் ஞாயிற்றுக்கிழமை காலை தன் வீட்டு வாசலில் நீலப் பேசின் ஒன்றைக் கவிழ்க்காமல் வைத்துப் போட்டி அறிவித்தார். ஒரு பக்கம் முகிலன், பாரிஸ் பம்பரம். மறு பக்கம் தீபலட்சுமி, மேட்டுப்பாளையம் பம்பரம். அஞ்சலாட்சி வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்று வேடிக்கை பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

“ஒண்ணு, ரெண்டு, உடு!” என்றார் தேவதாஸ்.

மேட்டுப்பாளையம் பம்பரம் விழுந்ததிலிருந்தே தலையை ஆட்டியது. குடித்தவன் வீட்டு வாசலைத் தேடுவது போல இரண்டு முறை பேசினின் விளிம்பில் இடித்தது. வெள்ளிப் பம்பரம் நட்ட நடுவில் அசையாமல் நின்று, தானாக வந்து மோதியதை ஒரு தட்டுத் தட்டியது. அவ்வளவுதான். மூன்று ஆட்டம், மூன்றிலும் அப்படியே.

“இன்னா அஞ்சல, பாத்தியா?” என்றார் தேவதாஸ். “பிரான்ஸ் சரக்குன்னா பிரான்ஸ் சரக்குதான். அங்க ஒரு ஒழுங்கு இருக்குது. ஒரு பினிஷிங் இருக்குது.”

பினிஷிங் என்ற வார்த்தை அஞ்சலாட்சியைச் சுட்டது. “குடுங்க ஐயா, பாக்கறேன்” என்று வெள்ளிப் பம்பரத்தை வாங்கினார். அடியில் சீனாவில் செய்ததென்று பொடி எழுத்தில் இருந்ததைத் தீபலட்சுமி படித்துச் சொன்னாள். தேவதாஸ் அதைக் காதில் வாங்கவில்லை. அஞ்சலாட்சியும் வாங்கவில்லை. அவர் கண்ணை மூடி, கொளஞ்சியைப் போலவே, கட்டை விரலால் வளையத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

விரலில் பட்டது. புலித்தலைக்கு நேர் எதிரே, நெல் பருமன் காம்பு. அப்படியே விட்டிருந்தார்கள்.

“ஐயோ, இதுவா பினிஷிங்? மொட்டையா நிக்குது பாருங்க! இதை நான் அனுப்பியிருந்தா கொளஞ்சி அண்ணன் டிரேவத் தூக்கி என் மூஞ்சிலயே அடிச்சிருப்பாரு.” குரலில் மூன்று ஆட்டம் தோற்ற மனசுக்கு ஆறுதல் கிடைத்த சந்தோஷம். “தோ, ஒரு நிமிஷம் தம்பி. ஆண்ட்டி நல்லா பண்ணித் தரேன்.”

இடுப்புச் சுருக்குப்பையில் எப்போதும் இருக்கும் கட்டரை எடுத்தார். முகிலன் வாயைத் திறப்பதற்குள் காம்பு போய்விட்டது. பழக்கதோஷத்தில் சுவரிலிருந்தும் ஒரு சீவல். ஊதித் துடைத்து, பன்னிரண்டாவது டம்ளரை எதிர்பார்ப்பவர் போல நீட்டினார்.

முகிலன் லாஞ்சரில் மாட்டி இழுத்தான். வெள்ளிப் பம்பரம் பேசினில் விழுந்து தலையை ஆட்டியது.

இன்னொரு முறை இழுத்தான். மறுபடியும் ஆட்டம். பாரிஸ் பம்பரம் மேட்டுப்பாளையம் பம்பரத்தைப் போலவே விளிம்பில் இடித்துப் படுத்தது. முகிலன், “மா துப்பி! என் பம்பரம்!” என்று வாய்விட்டு அழ ஆரம்பித்தான்.

“இன்னாம்மா பண்ணிட்ட!” தேவதாஸின் மீசை துடித்தது. “பிள்ள சாமான்ல கத்திய வைக்கிறியே, உன்ன யாரு கேட்டா? ஒரு பொருள் நல்லா இருந்தா நம்ம ஆளுங்களுக்குப் பொறுக்காதே!”

தீபலட்சுமி வெட்கத்தில் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். அஞ்சலாட்சி மட்டும் நகரவில்லை. பேசினுக்குள் படுத்துக் கிடந்த இரண்டு பம்பரங்களையும் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி ஆடின. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் ஒன்றுதான் ஆடியது. நடுவில் நடந்தது ஒரே ஒரு காரியம். அதைச் செய்ததும் அவர்தான்.

திடீரென்று வீட்டுக்குள் ஓடினார். ஓடிவிட்டாள் என்றுதான் தேவதாஸ் நினைத்தார். திரும்பி வந்தபோது கையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை. பெரிய பொட்டாக நான்கை உரித்தார். காம்பு இருந்த இடத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினார்.

“பொட்டு வெச்சிட்டா சுத்துமா?” என்றார் தேவதாஸ்.

“தம்பி, இப்ப இழு.”

முகிலன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இழுத்தான். வெள்ளிப் பம்பரம் விழுந்தது, ஒரு வட்டம் போட்டது, நடுவுக்கு வந்து நின்றது. நின்றுகொண்டே சுற்றியது. சிவப்புப் பொட்டு சுற்றுகிற வேகத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது.

அஞ்சலாட்சி மகளைக் கூப்பிட்டார். “தீபா, உன்னுத எடுத்தா.” அதற்கும் அதே இடத்தில் நான்கு பொட்டு. “இழுடி.”

மேட்டுப்பாளையம் பம்பரமும் நடுவில் வந்து நின்றது. பாரிஸ் பம்பரத்தோடு மோதியது, விலகியது, மறுபடியும் மோதியது. எது முதலில் விழுந்தது என்பதில் தெருவில் இன்றுவரை இரண்டு கட்சி. தேவதாஸ் மட்டும், “பொட்டு வெச்சா எல்லாம் சுத்தும்” என்று பொதுவாக ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று மத்தியானம் அஞ்சலாட்சி சோறு வடிக்க மறந்துவிட்டார். நல்ல செய்திதான் கிடைத்திருந்தது. ஆனால் அது அவரைத் தோற்கடித்த பிறகே கிடைத்த செய்தி. காம்பு எச்சம் அல்ல. புலித்தலையின் கனத்துக்கு எதிர்க்கனம். அச்சு செய்தவன் வேண்டுமென்றே விட்ட நெல். அதை ஒட்டச் சீவிச் சீவி ஒவ்வொரு பம்பரத்தையும் நொண்டியாக்கியது யார் என்றால், சாமி படத்துக்குக் கீழே பதினொரு சாட்சி இருந்தது. இருபத்திரண்டு பேரில் நன்றாக வெட்டத் தெரியாதவள் வெட்டிய பம்பரம்தான் கொஞ்சமாவது நின்று சுற்றியிருக்கும்.

திங்கட்கிழமை காலை கொளஞ்சியிடம் போனார்.

“அண்ணே, பெரிய காம்ப வெட்டாம ஒரு டிரே அனுப்பறேன்.”

“வேலைதான் போவுதே, வெட்டுவானேன்னு தோணுதா?”

“அது இருந்தாத்தாண்ணே சுத்துது. நாமதான் கெடுத்தது. நான்தான் கெடுத்தது.”

கொளஞ்சி அவரை மேலும் கீழும் பார்த்தார். “பதினோரு டம்ளர் வாங்கினவ பேசற பேச்சா இது?”

“வேணும்னா டம்ளரத் திருப்பித் தந்துடறேன்.”

“அஞ்சல, டம்ளரக் குடுத்துட்டா எதுல நீ காபி குடிப்ப?” என்றாள் செல்வாம்பாள். கூடம் முழுக்கச் சிரித்தது. அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. சுருக்குப்பையிலிருந்து தீபலட்சுமியின் பொட்டு வைத்த பம்பரத்தையும் லாஞ்சரையும் எடுத்து, கொளஞ்சியின் மேஜை மேலேயே விட்டார். கொளஞ்சி முதலில் பம்பரத்தைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு போய் முதலாளியைக் கூட்டிவந்தார்.

வெற்றிவேல் படித்தவர், பொட்டை நம்பவில்லை. மெஷினிலிருந்து அப்போதுதான் விழுந்த பத்து வளையங்களை எடுக்கச் சொன்னார். ஐந்தை வழக்கம் போலச் சீவச் சொன்னார். மற்ற ஐந்தில் மெல்லிசுக் காம்பு இரண்டையும் மட்டும் எடுத்து, பெரியதை விடச் சொன்னார். சீவியவை முக்கால் நிமிஷம்கூடத் தாண்டவில்லை; எல்லாம் தலையாட்டிகள். விட்டவை ஒன்றரை நிமிஷத்தைத் தொட்டன. ஒன்று மேஜையிலிருந்து கீழே விழுந்த பிறகும் சுற்றியது. கூடத்தில் யாரோ விசில் அடித்தார்கள். செல்வாம்பாள்தான் என்று பிறகு தெரிந்தது.

வெற்றிவேல் ஆபீஸ் அறைக்குப் போனார். பீரோவைத் திறந்தார். அச்சோடு வந்த வரைபடம் அதில் பத்திரமாக இருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று வெளியே எடுத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, மறுபடியும் உள்ளே வைப்பார்கள். பிரித்துப் பார்த்ததில்லை. இப்போது பிரித்தார். வளையத்தின் படத்தில், புலித்தலைக்கு எதிரே, சின்ன வட்டம் ஒன்று போட்டு, அதற்கு ஒரு அம்புக்குறி காட்டி, ‘இதை எடுக்க வேண்டாம்’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

அந்தக் காகிதத்தோடு வெளியே வந்தவரின் முகம், பூஜை பண்ணின கடவுள் பதில் சொல்லிவிட்டால் பக்தனுக்கு வருமே ஒரு திகைப்பு, அப்படி இருந்தது.

“யார் கண்டுபிடிச்சது?”

“41” என்றார் கொளஞ்சி. பிறகு திருத்தினார். “நம்ம அஞ்சல சார்.”

“எப்படிம்மா கண்டுபிடிச்ச?”

“ஒரு புள்ள பம்பரத்த நாசம் பண்ணி சார்” என்றார் அஞ்சலாட்சி. அதைவிட நேர்மையான ஆராய்ச்சி அறிக்கை அந்தத் தொழிற்பேட்டையில் அதற்கு முன் வாசிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆடி முழுக்க காம்போடு பம்பரம் போனது. கடைக்காரர்கள் முதலில் “இதென்ன பிசிறு?” என்று முகம் சுளித்தார்கள். பிள்ளைகள் சுளிக்கவில்லை. வாங்கினார்கள், மோதவிட்டார்கள், மறுபடி வாங்கினார்கள். கப்பல் பம்பரம் வேண்டுமென்றவர்கள் எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. நானூறு ரூபாய்க்கு ஒரு கௌரவம் உண்டு, அதை எந்தக் காம்பும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஐம்பது ரூபாய்க்காரர்களும் இப்போது தலை நிமிர்ந்து பேசினுக்கு வந்தார்கள். ஆவணி ஒன்றாந்தேதி வெற்றிவேல் கூடத்துக்கு வந்து, “தீபாவளி வரைக்கும் நம்மதையே ஓட்டிப் பாப்போம்” என்றார். தீபாவளிக்குப் பிறகு பொங்கல் வரைக்கும் என்றார். அதற்குப் பிறகு அவர் தேதி சொல்வதை நிறுத்திவிட்டார். இருபத்திரண்டு ஸ்டூலிலும் ஆள் இருந்தது.

கொளஞ்சிதான் பாவம். கண்ணை மூடித் தடவும் பழக்கத்தை விட முடியவில்லை. இப்போது ஒரு இடத்தில் விரலில் படாவிட்டால் டிரே திரும்பி வந்தது. டம்ளர் யாருக்குக் கொடுப்பதென்று குழம்பிப்போய் அந்தப் பரிசையே ஒழித்துவிட்டார். அஞ்சலாட்சிக்குக் கை பரபரக்கும். பெரிய காம்புக்கு வரும்போது கட்டரைப் பிடித்த கையை மடியில் அழுத்திக்கொள்வார். வெட்டக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது, வெட்டாமல் இருக்க மூன்று மாதம் ஆனது என்று செல்வாம்பாளிடம் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் கடைசியில் முகிலன் ஊருக்குப் போனான். போகும்போது, பொட்டு வைத்த தன் வெள்ளிப் பம்பரத்தோடு இரண்டு மேட்டுப்பாளையம் பம்பரங்களும் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டான். பெட்டியில் அவற்றை வைக்கும்போது தேவதாஸ் திரும்பி நின்றுகொண்டார். “வெய்ட்டு ஜாஸ்தியாயிடும்” என்று மட்டும் சொன்னார். தீபலட்சுமி வெளிநாட்டுப் பம்பரம் கேட்பதை நிறுத்திவிட்டாள். சைக்கிள் கேட்க ஆரம்பித்திருந்தாள்.

அடுத்த ஜனவரியில் புதுப் பதிவேடு போட்டார்கள். பழையதைப் பார்த்து அப்படியே எழுதினார்கள். 41ஆம் எண்ணில் வயது மட்டும் ஒன்று கூடியிருந்தது. ஸ்டாம்புக்குப் புது மை ஊற்றியிருந்தார்கள்.

அந்த வருஷம் அஞ்சலாட்சி, ஒவ்வொரு வளையத்திலும் இருந்த மூன்று காம்பில் இரண்டை வெட்டினார். மூன்றாவதை விட்டுவிட்டார்.